டெர்மினலிலிருந்து லிப்ரே ஆபிஸ்: விண்டோவோடும் விண்டோ இல்லாமலும்

கேட்கப்பட்டது இது. ஒரு ஃபோல்டர் நிறைய வேர்ட் கோப்புகள். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்க வேண்டும். லினக்ஸ் லேப்டாப்பில் டெர்மினலிலிருந்து லிப்ரே ஆபிஸைக் கூப்பிட்டால் விண்டோ வருகிறது, ஆனால் டெர்மினலை மூடியதும் அதுவும் போய்விடுகிறது. அதே கட்டளையை சர்வரில் கொடுத்தால் டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. விண்டோ உள்ள ஒரு செயலியைக் கட்டளை வரியிலிருந்து ஒழுங்காக ஓட்ட என்னதான் வழி?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் விடை. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

சோஃபிஸ் --ஹெட்லெஸ் --கன்வெர்ட்-டு பிடிஎஃப் --அவுட்டிர் வெளியீடு *.டாக்எக்ஸ்

விண்டோ திறக்காது, திரையும் தேவையில்லை. கோப்புகள் அத்தனையும் ‘வெளியீடு’ என்ற ஃபோல்டருக்குள் பிடிஎஃப் ஆக வந்து விழும். சோஃபிஸ் என்பது லிப்ரே ஆபிஸின் பழைய முன்னோரான ஸ்டார் ஆபிஸ் காலத்துப் பெயர். 2010-இல் லிப்ரே ஆபிஸ் தனியாகப் பிரிந்து வந்த பிறகும் கட்டளைக்கு அதே பெயர்தான்.

இந்த வரி பலருக்கு முதல் தடவையே வேலை செய்யும். செய்யாதபோதுதான் தலைவலி, ஏனென்றால் பல நேரம் பிழைச் செய்தி கூட வராது. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. விண்டோ உள்ள செயலி என்று தனி இனம் கிடையாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் எப்படி ஒரு ப்ராசஸோ, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலோ, அப்படியே லிப்ரே ஆபிஸும் ஒரு ப்ராசஸ். அதைப் பெற்றெடுக்கும் ஷெல்லிடமிருந்து, அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலிடமிருந்து, சூழல் மாறிகள் என்ற பெயர்-மதிப்புக் குறிப்புகளையும், டெர்மினலையும், வெளியீடு போய்ச்சேரும் இடத்தையும் அது வாங்கிக்கொள்கிறது. விண்டோ என்பது அந்த ப்ராசஸ், திரையை ஆளும் டிஸ்ப்ளே சர்வரோடு வைத்துக்கொள்ளும் ஒரு தொடர்பு மட்டுமே. உங்கள் இரண்டு சிக்கல்களில் முதலாவது டெர்மினலோடு உள்ள உறவில் வருவது. இரண்டாவது டிஸ்ப்ளே சர்வரோடு உள்ள உறவில் வருவது. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துப் பயனில்லை.

டெர்மினலை மூடியதும் விண்டோ ஏன் போகிறது? டெர்மினல் விண்டோவை மூடும்போது, இயங்குதளத்தின் மையமான கர்னல் ஷெல்லுக்கு சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்புகிறது. எண் 1. தொலைபேசி மோடம் வழியாக யூனிக்ஸ் கணினியோடு இணைந்திருந்த காலத்தில் இணைப்பு அறுந்துவிட்டது என்று சொல்ல வைத்த சிக்னல் இது. பாஷ் ஷெல் அதைத் தான் வாங்கிக்கொள்வதோடு, தன்னிடம் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா வேலைகளுக்கும் அனுப்பிவிட்டுத்தான் போகும். அதைத் தடுத்து வைக்காத ப்ராசஸ் செத்துவிடும். கட்டளைக்குப் பின்னால் & போட்டுப் பின்னணிக்கு அனுப்பியிருந்தாலும் இதே கதிதான். & போட்டால் அது முடியும் வரை ஷெல் காத்திருக்காது, அவ்வளவே. ஷெல்லின் வேலைப் பட்டியலில் அந்த ப்ராசஸ் இன்னும் இருக்கிறது.

ஆனால் டெர்மினலை எக்ஸ் குறியை அழுத்தி மூடாமல் ‘எக்ஸிட்’ என்று தட்டி வெளியேறினால், பாஷ் தன் வழக்கமான அமைப்பில் பின்னணி வேலைகளுக்கு சிக்ஹப் அனுப்புவதில்லை. ‘எனக்கு நிற்கிறது, உனக்கு ஏன் போகிறது’ என்று இரண்டு பேர் வாதாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள், வெளியேறிய விதம் வேறு. பாஷுக்குப் பதில் ஜீஷெல் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ். எக்ஸிட் தட்டினாலும் அது பின்னணி வேலைகளுக்கு சிக்ஹப் அனுப்பிவிடும்.

இதற்கு நோஹப், டிஸ்ஓன், செட்சிட் என மூன்று மருந்துகள் சொல்வார்கள். நான் எடுப்பது செட்சிட். நோஹப் என்பது சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செயலியைத் தொடங்குகிறது. ஆனால் அந்தச் செயலி தானே சிக்ஹப்புக்கு ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தால் நோஹப் சொன்னது எடுபடாது. டிஸ்ஓன் ஷெல்லின் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கிறது, ஆனால் செயலியின் வெளியீடு இன்னும் பழைய டெர்மினலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். டெர்மினல் போன பிறகு செயலி அங்கே எழுதப் பார்த்தால் பிழை வரும், சில செயலிகள் அதிலேயே விழுந்துவிடும். செட்சிட் அந்த ப்ராசஸைப் புதிய செஷனில் வைத்துவிடுவதால் பழைய டெர்மினலோடு உறவே இல்லை. வெளியீட்டையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் முடிந்தது:

செட்சிட் சோஃபிஸ் --ரைட்டர் > /டிஎம்பி/எல்ஓ.லாக் 2>&1 < /டெவ்/நல் &

வெளியீட்டை, எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் /டெவ்/நல்லுக்கு அனுப்பித் தொலைக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்டோ செயலிகள் டெர்மினலில் கொட்டும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொருட்படுத்தத் தேவையில்லாதவைதான். ஆனால் செயலி திறக்காமல் போகும் நாளில் காரணம் அங்கேதான் இருக்கும். ஐகானைச் சொடுக்கினால் எதுவுமே நடக்காத ஒரு செயலியை டெர்மினலிலிருந்து ஓட்டிப் பார்ப்பதே அதற்காகத்தானே. காணாமல் போன லைப்ரரியின் பெயர் உட்பட அங்கே எழுதியிருக்கும்.

கவனிக்க இன்னொன்று. முன்னணியில் ஓடும் செயலியின் டெர்மினலில் தெரியாமல் கண்ட்ரோல்-ஜெட் அழுத்திவிட்டால் விண்டோ அப்படியே உறைந்துபோகும். எதைச் சொடுக்கினாலும் அசையாது. செயலி பழுதாகவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ‘பிஜி’ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கண்ட்ரோல்-சி அழுத்தினால் சேமிக்காத வேலை போகக்கூடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சில செயலிகள் கட்டளை கொடுத்த உடனேயே ப்ராம்ப்டைத் திருப்பித் தந்துவிடும், விண்டோ மட்டும் எங்கிருந்தோ திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இப்படித்தான், க்னோம் டெர்மினலும் இப்படித்தான். நீங்கள் தொடங்கிய புதிய ப்ராசஸ், ஓடிக்கொண்டிருக்கும் பழைய ப்ராசஸிடம் ‘இதைத் திற’ என்று சொல்லிவிட்டுத் தான் முடிந்துபோகிறது. அதனால் கட்டளைக்கு முன்னால் நீங்கள் வைத்த சூழல் மாறிகள் அந்த விண்டோவுக்குப் போய்ச்சேராது. இந்த ஒப்படைப்பு லிப்ரே ஆபிஸிலும் உண்டு, அங்கே அது இதைவிடப் பெரிய சிக்கலைத் தரும். பிறகு வருகிறேன்.

இனி சர்வர். எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடியில் பிறந்தது, இன்றும் புழங்கும் அதன் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. அதன் அடிப்படை எளிது. திரையை ஆள்வது எக்ஸ் சர்வர். வரையச் சொல்லிக் கேட்பது செயலி. இரண்டும் ஒரே கணினியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த சர்வரிடம் கேட்பது என்பதைச் செயலி டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியிலிருந்து தெரிந்துகொள்கிறது. இந்தப் பெயரையும், இனி வரும் மற்ற சூழல் மாறிகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். உங்கள் லேப்டாப்பில் அதன் மதிப்பு :0 அல்லது :1 என்று இருக்கும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் முறையில் ஓடும் டெஸ்க்டாப் என்றால் வேலண்ட்_டிஸ்ப்ளே என்ற இன்னொரு மாறியும் இருக்கும், மதிப்பு பெரும்பாலும் வேலண்ட்-0.

வாடகைக்கு எடுத்த சர்வரில் திரையும் இல்லை, எக்ஸ் சர்வரும் இல்லை, அந்த மாறியும் காலி. செயலி யாரிடம் போய்க் கேட்கும்? பிழைச் செய்தி சொல்வது இதைத்தான். இதைப் பார்த்துவிட்டு டிஸ்ப்ளே மாறியில் :0 என்று எழுதினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். அந்த முகவரியில் ஒருவரும் இல்லாதபோது முகவரியை மட்டும் எழுதி ஆவதொன்றுமில்லை. அந்த வைத்தியம் பலிப்பது வேறொரு இடத்தில். வீட்டுக் கணினியில் டெஸ்க்டாப் திறந்திருக்கிறது, நீங்கள் வேறு அறையிலிருந்து, தொலைவிலுள்ள கணினிக்குள் டெர்மினலில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக அதே பயனராக நுழைகிறீர்கள், விண்டோ அந்தக் கணினியின் திரையில் தெரிய வேண்டும் என்றால் டிஸ்ப்ளே மாறியை வைத்துத் தொடங்கலாம். அனுமதி மறுக்கப்பட்டால் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மாறியும் சரியான கோப்பைக் காட்ட வேண்டும். டெஸ்க்டாப்பில் ஒரு டெர்மினலைத் திறந்து இரண்டின் மதிப்பையும் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

செயலி சர்வரில் ஓட வேண்டும், விண்டோ மட்டும் உங்கள் முன்னால் உள்ள திரையில் வர வேண்டும் என்றால் எஸ்எஸ்எச் கட்டளையில் -எக்ஸ் சேருங்கள், பெரிய எழுத்தில். சர்வரில் எக்ஸ்ஆத் என்ற சிறு கருவி நிறுவியிருக்க வேண்டும், எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் திறந்திருக்க வேண்டும். சரியாக இருந்தால் உள்ளே போனதும் டிஸ்ப்ளே மாறியில் லோக்கல்ஹோஸ்ட்:10.0 போல ஒன்று தானாகவே வந்திருக்கும். அதைக் கையால் மாற்றவே கூடாது, மாற்றினால் விண்டோவை உங்கள் திரைக்குக் கொண்டுவரும் வழி அறுந்துவிடும். ஒரு அமைப்பு விண்டோவைத் திறந்து இரண்டு தேர்வை மாற்ற இந்த வழி நல்லது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்க இதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு சின்ன வரைதலுக்கும் செயலியும் திரையும் மாறி மாறிப் பேசிக்கொள்வதால் இணையத்தின் தாமதம் கையில் உறைக்கும்.

உங்கள் வேலைக்கோ இவை எதுவும் வேண்டாம். விண்டோவே தேவையில்லாத வேலைக்கு விண்டோவைக் கொண்டுபோய்ச் சேர்க்க மல்லுக்கட்டுவானேன். லிப்ரே ஆபிஸ், ப்ளெண்டர், இங்க்ஸ்கேப், கிம்ப், குரோம் எல்லாவற்றுக்கும் விண்டோ இல்லாத ஓட்டம் உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் லிப்ரே ஆபிஸின் சில பொதிகள் ‘நோகுய்’ என்று முடியும் பெயரில் கிடைக்கின்றன. சர்வரில் வரைகலை லைப்ரரிகளைக் கட்டிச் சுமக்காமல் மாற்றும் வேலையை மட்டும் செய்ய அவை போதும்.

மேலே கொடுத்த ஒற்றை வரி பிசகும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ப்ரொஃபைல். லிப்ரே ஆபிஸ் தன் அமைப்புகளைப் பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள், .கான்ஃபிக் என்பதன் கீழ் வைத்திருக்கிறது. ஒரு ப்ரொஃபைலை ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ்தான் ஆளலாம். வேறொரு கடிதத்தை விண்டோவில் திறந்து வைத்துக்கொண்டே டெர்மினலில் மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், புதிய ப்ராசஸ் வேலையைப் பழையதிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். பதிப்பைப் பொறுத்து பிடிஎஃப் வரலாம், வராமலும் போகலாம். பிழைச் செய்தியும் இருக்காது. ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களை இணையாக ஓட்டப் பார்ப்பவர்களும் இதே இடத்தில்தான் மாட்டுவார்கள். தீர்வு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி ப்ரொஃபைல்:

சோஃபிஸ் -என்வ்:யூசர்இன்ஸ்டலேஷன்=ஃபைல்:///டிஎம்பி/எல்ஓ1 --ஹெட்லெஸ் --கன்வெர்ட்-டு பிடிஎஃப் கடிதம்.டாக்எக்ஸ்

யூசர், இன்ஸ்டலேஷன் இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து, முன்னால் ஒற்றைக் கோடு, ஃபைலுக்குப் பின் மூன்று சாய்கோடு. இதில் ஒன்று குறைந்தாலும் பலன் இல்லை. இணையாக ஓட்டும் ஒவ்வொன்றுக்கும் எல்ஓ1, எல்ஓ2 என்று வேறு வேறு ஃபோல்டர் கொடுங்கள்.

வலைச் சர்வர் வழியாக, பிஎச்பி போன்ற ஒன்றிலிருந்து லிப்ரே ஆபிஸைக் கூப்பிடுபவர்களுக்கும் இதே வரிதான் உதவும். அங்கே ஓடும் பயனருக்கு எழுத அனுமதியுள்ள ஹோம் ஃபோல்டர் இருக்காது. ப்ரொஃபைலை உருவாக்க முடியாமல் செயலி அமைதியாக நின்றுவிடும். டெர்மினலில் நீங்களே ஓட்டினால் வருகிறது, வலைப்பக்கம் வழியாக வருவதில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, எழுத்துரு. தமிழ் ஆவணங்களை மாற்றுபவர்கள் மிகவும் அடிபடும் இடம் இது. விண்டோஸில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத சர்வருக்கு வருகிறது. சர்வரில் வேறொரு தமிழ் எழுத்துரு இருந்தால் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் வேறு இடத்தில் உடையும், இரண்டு பக்கக் கடிதம் மூன்று பக்கமாகலாம். தமிழ் எழுத்துருவே இல்லை என்றால் பிடிஎஃப் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். மாற்றத் தொடங்கும் முன் ‘எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ’ என்று ஓட்டிப் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் மோசம். அவற்றின் உள்ளே இருப்பது ஒருங்குறித் தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள். அந்த எழுத்துரு சர்வரில் இல்லையென்றால் பிடிஎஃப்பில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வரும். எச்சரிக்கை எதுவும் கிடையாது, மாற்றம் வெற்றி என்றே கணினி சொல்லும். எழுத்துருக் கோப்பைப் பயனரின் .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு ‘எஃப்சி-கேஷ்’ ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். முடிந்ததும் ‘பிடிஎஃப்ஃபான்ட்ஸ்’ என்ற கட்டளையை ஒரு பிடிஎஃப் மீது ஓட்டினால் உள்ளே உண்மையில் எந்த எழுத்துரு ஏறியிருக்கிறது என்று காட்டிவிடும். ஃபோல்டர் முழுவதையும் மாற்றும் முன் ஒரே ஒரு கோப்பில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அனுப்பிய பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வெளியேறும் எண். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் கட்டளை 0 என்று திரும்பினால் வெற்றி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். லிப்ரே ஆபிஸின் பல பதிப்புகள் கோப்பைத் திறக்க முடியாதபோதும் 0 திருப்பியிருக்கின்றன. எனவே எண்ணை நம்பாமல், பிடிஎஃப் இருக்கிறதா, அதன் அளவு பூஜ்யத்துக்கு மேலா என்று பாருங்கள். சிதைந்த கோப்பில் செயலி சிக்கி நிற்பதும் உண்டு. முன்னால் ‘டைம்அவுட் 120’ என்று சேர்த்துவிடுங்கள். நேரம் முடிந்து கொன்ற பிறகும் ப்ராசஸ் பட்டியலில் சோஃபிஸ்.பின் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சோஃபிஸ் என்பது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட், வேலை செய்வது இந்த பின் கோப்புதான்.

கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செயலியைத் தொடங்குவதைவிட ஒரே கட்டளையில் பல கோப்புகளைக் கொடுப்பது மிகவும் வேகமானது, தொடக்கச் செலவு ஒரு முறைதான். நான் பொதுவாக ஐம்பது ஐம்பதாகக் கொடுப்பேன். ஒன்று சிக்கினாலும் அந்தக் கூறு மட்டும்தான் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

மற்ற செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. ப்ளெண்டரில் -பி கொடுத்தால் பின்னணி ஓட்டம், ஆனால் அங்கே வாதங்களின் வரிசை முக்கியம். படம் எங்கே போக வேண்டும் என்பதை ரெண்டர் கட்டளைக்கு முன்னால் சொல்ல வேண்டும், பின்னால் சொன்னால் காதில் வாங்காது. இங்க்ஸ்கேப் 2020-இல் 1.0 பதிப்புக்கு வந்தபோது கட்டளை வரித் தேர்வுகளை மாற்றியது. அதற்கு முன் எழுதிய குறிப்புகளில் உள்ள வரியை அப்படியே ஒட்டினால் ஓடாமல் போகலாம். இப்போது --எக்ஸ்போர்ட்-ஃபைல்நேம் என்பதைத் தேடுங்கள்.

ஹெட்லெஸ் வசதியே இல்லாத செயலி ஒன்றை சர்வரில் ஓட்டியாக வேண்டும் என்றால் எக்ஸ்விஎஃப்பி இருக்கிறது. நினைவகத்துக்குள்ளேயே ஒரு பொய்த் திரையை வைத்திருக்கும் எக்ஸ் சர்வர் அது. ‘எக்ஸ்விஎஃப்பி-ரன் -ஏ’ என்பதற்குப் பின்னால் உங்கள் கட்டளையை எழுதினால், காலியான ஒரு டிஸ்ப்ளே எண்ணைத் தேடிப் பிடித்து, செயலியை அதில் ஓட்டி, முடிந்ததும் மூடிவிடும். திரையின் அளவை நீங்களே கொடுத்துவிடுங்கள். பழைய பதிப்புகளில் இயல்பான அளவு 640-க்கு 480 என்பதால் சில செயலிகளின் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். விண்டோக்களை வரைய உதவும் க்யூடி என்ற லைப்ரரியில் எழுதிய செயலி என்றால் க்யூடி_க்யூபிஏ_ப்ளாட்ஃபார்ம் என்ற மாறியில் ‘ஆஃப்ஸ்க்ரீன்’ என்று வைத்தாலே பல நேரம் போதும், பொய்த் திரையும் தேவைப்படாது.

ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் உரிமையில் கட்டளையை ஓட்டும் சூடோவைப் போட்டு விண்டோ செயலிகளைத் தொடங்காதீர்கள். ரூட்டுக்கு உங்கள் திரையில் வரைய அனுமதி கிடைப்பதில் குளறுபடி வரும். அதையும் தாண்டித் திறந்துவிட்டால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் ரூட் பெயரில் அமைப்புக் கோப்புகளை எழுதி வைத்துவிடும் ஆபத்து உண்டு. அடுத்த நாள் நீங்கள் சாதாரணமாகத் திறந்தால் அந்தக் கோப்புகளை எழுத உங்களுக்கே அனுமதி இருக்காது.

மேக்கில் இதே கட்டளை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் லிப்ரே ஆபிஸ்.ஆப் என்பதன் உள்ளே, கண்டென்ட்ஸ்/மேக்ஓஎஸ்/சோஃபிஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அதை நேரடியாகக் கூப்பிடலாம்.

விண்டோஸில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒவ்வொரு இஎக்ஸ்இ கோப்பின் தலைப்பிலும் இது விண்டோ செயலியா கன்சோல் செயலியா என்று எழுதியிருக்கும். விண்டோ செயலி என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட் அது முடியும் வரை காத்திருக்காது, அதன் செய்திகளும் கருப்புத் திரையில் வராது. அதற்காகவே லிப்ரே ஆபிஸின் ப்ரோக்ராம் ஃபோல்டரில் சோஃபிஸ்.இஎக்ஸ்இ அருகே சோஃபிஸ்.காம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்டில் காம் கோப்பையே எழுதுங்கள். காத்திருக்கும், பிழையையும் காட்டும். வேறு செயலிகளுக்கு ‘ஸ்டார்ட் /வெயிட்’ உண்டு. அதற்குப் பின்னால் முதலில் வரும் மேற்கோள் குறிக்குள் இருப்பதை அது விண்டோவின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். இடைவெளி உள்ள பாதையை மேற்கோளுக்குள் கொடுப்பதற்கு முன் வெற்று மேற்கோள் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, இந்த மாற்றத்தை இரவில் தானாக ஓட, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் போடப் போகிறீர்கள் என்றால்: க்ரான் உங்கள் ஷெல்லின் சூழலைக் கொண்டுவராது. டிஸ்ப்ளே இருக்காது, ஹெட்லெஸ் என்பதால் அது பரவாயில்லை. ஆனால் கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் மாறி மிகச் சுருங்கியிருக்கும், மொழியையும் எழுத்துக் குறியீட்டையும் சொல்லும் லாங் மாறியும் பெரும்பாலும் காலி. முதலாவதால் சோஃபிஸ் எங்கே என்று தெரியாமல் போகும், இரண்டாவதால் தமிழில் பெயரிட்ட கோப்புகள் திறக்காமல் போகலாம். க்ரானின் பட்டியல் கோப்பான க்ரான்டேப்பின் மேல் வரியில் லாங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்று பெரிய எழுத்தில் எழுதி, கட்டளையை முழுப் பாதையோடு கொடுத்து, வெளியீட்டை ஒரு லாக் கோப்புக்குத் திருப்புங்கள். முதல் இரவு ஓடியதும் அந்த லாக்கையும், வந்த பிடிஎஃப்களின் எண்ணிக்கையையும் மூலக் கோப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.